ஏர் படாத இரண்டு ஏக்கர்

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எங்கள் வீட்டில் மாவு அரைக்க முடியும். பதினொன்றரைக்கு முன்னால் மிக்சியில் கை வைத்தால் என் கணவர் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவார். கூரை மேல் இரண்டு சோலார் தகடு, வாசல் ஓரத்தில் மரப்பெட்டிக்குள் இரண்டு பேட்டரி. அவ்வளவுதான் எங்கள் மின்சார வாரியம். அதற்குத் தலைவர், செயலாளர், லைன்மேன் எல்லாமே அவர்தான். "இப்ப அரைச்சுட்டீன்னா சாயங்காலம் லைட்டு கேக்காதே" என்பார். மேகம் மூடிய நாட்களில் சட்னி வேண்டுமா ஃபேன் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடக்கும். இரண்டே ஓட்டு என்பதால் ஒருநாளும் முடிவு வந்ததில்லை.

இப்போது நாங்கள் பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே விடியற்காலையில்கூட மாவு அரைக்கலாம், கேட்பார் இல்லை. ஆனாலும் பதினொன்றரை வரைக்கும் என் கை மிக்சிப் பக்கம் போவதில்லை. மேகமாக இருந்தால் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த வீடு போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போகச் செய்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் இதுவரைக்கும் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரர்கள் முன்பக்கம், நாங்கள் பின்போர்ஷன். குழாய் அவர்களுடையது, முருங்கை மரம் அவர்களுடையது, சாயங்காலமானால் மொட்டை மாடியும் அவர்களுடையது. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் போய்க் கேட்டுவிட்டு வருவார். கல்யாணமான பிறகு பொம்மசந்திரா பக்கம் வந்துவிட்டோம். அவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை. மகள் பிறந்து வளர்ந்து புனேவுக்கு வேலைக்குப் போகிற வரைக்கும் ஏழு வாடகை வீடு மாறினோம். ஏழிலும் ஆணிக்கு அனுமதி கேட்டவள் நான்தான். அவர் கேட்க மாட்டார். காலண்டரைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

இருபத்தாறு வருடம் கரண்டோடு குடித்தனம் நடத்திய மனிதர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே கரண்டு கம்பியே கண்ணுல படாத எடமா பாத்துப் போயிடணும்" என்றார். ஏதோ அலுப்பில் சொல்கிறார் என்று நினைத்துக் காபி போடப் போய்விட்டேன். அவரோ அதற்கு முன்பே இடம் பார்த்து, வாங்கியும் வைத்திருந்தார்.

ஆனேக்கல் தாண்டி, தார்ச்சாலையை விட்டு இறங்கி, மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டு ஏக்கர் பன்னிரண்டு குண்டே. இந்தப் பக்கம் நாற்பது குண்டே ஒரு ஏக்கர். மேற்கு எல்லையில் யானை வராமல் வெட்டிய அகழி ஓடும். அதற்கு அப்பால் அரசாங்கக் காடு. நாங்கள் வாங்குவதற்கு முன்னால் அந்த நிலத்தில் தைல மரம் நின்றிருந்தது. இந்தப் பக்கம் அதை நீலகிரி என்பார்கள். விற்றவர் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு அடிக்கட்டையோடு நிலத்தை எங்கள் தலையில் கட்டியிருந்தார். கர்நாடகத்தில் விவசாய நிலம் வாங்க அப்போது விவசாயக் குடும்பம் என்று காட்ட வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அவருடைய அப்பா பயிர் வைத்திருந்த நிலத்தின் காகிதத்தைக் காட்டித்தான் வாங்கியிருந்தார். அப்படி வாங்கிய நிலத்தில் என்ன பயிர் போடப்போகிறோம் என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடப்போறதில்ல."

"ஒண்ணும்னா?"

"சும்மா வுட்டா என்ன வருதுன்னு பாக்கணும்."

சோம்பேறிக்கு ஏற்ற விவசாயம் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் சிரித்தேன். சும்மா விடுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. வெட்டிய நீலகிரிக் கட்டை ஒவ்வொன்றும் மழைக்கு மழை பத்துத் துளிர் விடும். அத்தனையையும் ஒடித்துப் போட வேண்டும். உண்ணிச்செடி ஒரு பக்கம் பிடுங்கினால் மறுபக்கம் புதராக நிற்கும். அதைக் கத்தியால் வெட்டினால் இன்னும் குஷியாக வளரும். வேரோடுதான் பிடுங்க வேண்டும், அதுவும் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது. முதல் மூன்று வருடம் ஞாயிறுதோறும் போய் அதைத்தான் செய்தோம். என் முழங்கையில் இருக்கிற கீறல்கள் எல்லாம் அந்த நாட்களில் வாங்கியவை. திட்டிக்கொண்டே பிடுங்கினேன். நான் திட்டத் திட்ட அவர் பிடுங்கிக்கொண்டே போவார்.

பிறகு வர ஆரம்பித்தன. முதலில் ஆவாரை. அப்புறம் வெப்பாலையும் உசிலையும் புங்கனும். பறவை தின்று போட்ட விதையில் வேம்பு, நாவல், சந்தனம்கூட ஒன்று. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. நாலாவது வருடம் என் தலைக்கு மேலே நிழல் இருந்தது. அந்த நிழலில் நின்றபோது, சிரித்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "பரவாயில்ல, சோம்பேறித்தனத்துக்கும் பலன் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடம்தான் வீடு கட்டினோம். வீடு என்றால் ஒரே அறை, அதன் மூலையில் சமையல், வெளியே கழிப்பறை. நிலத்திலேயே மண் எடுத்து அறுத்த கல், இடிக்கிற வீட்டிலிருந்து வாங்கி வந்த ஓடு. கூரையில் விழுகிற மழை ஒரு சிமெண்டுத் தொட்டிக்கு வரும். அது வற்றினால் கைப்பம்பு. பஞ்சாயத்து, தாலுக்கா, யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் கேட்டுக் கட்டுவதில்லை. குடிபோன அன்றைக்கு அவர் சாமான் இறக்கிக்கொண்டிருக்க, நான் சுத்தியலை எடுத்துச் சுவரில் பதினான்கு ஆணி அடித்தேன். மாட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அங்கே வாழ்ந்த நாலு வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வருவதில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காலையில் செம்போத்து கூப்பிடும். அவர் பேட்டரியின் அளவைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா இருக்கு" என்பார், ஏதோ குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதுபோல. நான் காபி கலந்து எடுத்துக்கொண்டு வாசல் கல்லில் உட்காருவேன். மல்லேஸ்வரத்துக் காபிக்குப் பழகிய நாக்கு. பால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கிடைக்கும் என்பதை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஃபிரிஜ் இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை. அகழியோரத்துப் பாறை மேல் ஏறி நின்றால்தான் போனில் மகளோடு பேச முடியும். "அம்மா, இன்னும் காட்டுக்குள்ளதான் இருக்கியா? வால் முளைச்சிருச்சா?" என்று கேட்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைத் திட்டுவேன்.

எனக்கு ஏக்கமாக இருப்பது எதற்கென்று யோசித்துப் பார்க்கிறேன். மரங்களுக்கு இல்லை, மரங்கள் இருக்கின்றன. மழை பெய்யும்போது ஓட்டின் மேல் விழுகிற சத்தத்துக்கும், அந்த மழை நேராகத் தொட்டிக்குப் போகிறது, நாளைக்கு அதில்தான் சோறு வடிக்கப்போகிறேன் என்கிற நினைப்புக்கும் ஏங்குகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்துவிடும். வெளிச்சம் அவ்வளவுதான், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். முப்பது வருடம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன், ஆனால் அந்த மனிதரோடு சும்மா உட்கார்ந்தது அங்கேதான். அந்த ஆறு மணி எனக்குத் திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எட்டாவது வருடம், கிராமத்து வீடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள், வீட்டுக்குச் சொந்தக்காரர் பெயரோடு கணக்கு வரும் என்று பஞ்சாயத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். எனக்கு உடனே மூக்கு வியர்த்தது. வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு வீட்டில் அனுமதி கேட்காமல் ஆணி அடித்திருக்கிறேன். அந்த வீடு ஒரு காகிதத்திலாவது இருக்க வேண்டாமா? மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதுவானாலும் ரசீது வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால்தான் அது நடந்ததாகவே அர்த்தம். அவரிடம் சொன்னேன்.

"எதுக்கு அதப் போயி நோண்டற? யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"கேட்கறதுக்கு முன்னாடி நாமே போய்ப் பதிவு பண்ணிட்டா நல்லதுதானே?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன். பேசாம இரு."

பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் வராது. மறுநாள் அவர் உண்ணிச்செடி பிடுங்கப் போன நேரத்தில், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, நடந்தே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் தங்கமானவள். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஜமீனு எதுக்கு யூஸ் பண்றீங்கன்னு ஒரு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றாள். ஜமீனு என்றால் நிலம். இரண்டு வரி என்றுதான் சொன்னாள்.

நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கன்னடத்தில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கன்னடக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். வீட்டில் தமிழ் பேசுகிற பெண் கன்னடத்தில் பரிசு வாங்கியது அந்தத் தெருவுக்கே தெரியும். அதற்குப் பிறகு முழுசாக ஒரு பக்கம் கன்னடம் எழுத வாய்ப்பே வரவில்லை. அந்த ஆபீஸ் சுவரில் மரம் வளர்ப்போம் என்று ஒரு பெரிய படம் வேறு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எட்டு ஆண்டுகளாக இந்த நிலத்தில் ஏர் பட்டதில்லை என்று ஆரம்பித்தேன். விதைத்ததில்லை, அறுத்ததில்லை, இயற்கை தானாகவே மரங்களை வளர்த்துத் தந்திருக்கிறது, பறவைகள் வந்து வாழ்கின்றன, இந்தக் காட்டின் நடுவே நாங்கள் ஒரு சிறு வீடு கட்டி, அரசின் மின்சாரத்தில் ஒரு துளியும் எடுக்காமல் வாழ்கிறோம் என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் வாசித்துவிட்டு, "எஷ்டு சென்னாகி பரிதித்தீரா மேடம்" என்று என் கன்னடத்தைப் புகழ்ந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

ஆறு வாரம் கழித்துத் தாலுக்கா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர் கன்னடம் பேசுவார், வாசிக்க வராது. நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசல் கல்லில் உட்கார்ந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். விவசாய நிலத்தில், விவசாயம் செய்பவர், அதன் தேவைக்காக மட்டுமே தோட்ட வீடு கட்டிக்கொள்ளலாம். இந்த நிலத்திலோ, மனுதாரரே எழுத்து மூலம் தெரிவித்துள்ளபடி, எட்டு ஆண்டுகளாக ஏர் பட்டதில்லை. அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. என் வாக்கியத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"மேல படி" என்றார் அவர்.

படித்தேன். பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை அகற்ற வேண்டும் என்று இருந்தது. காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "காபி இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்குப் பால் இல்லாத நாள். கடுங்காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

தாலுக்கா ஆபீசுக்குப் போய் வாதாடாமல் விடவில்லை. எட்டு வருடம் உண்ணிச்செடி பிடுங்கியிருக்கிறோமே, கையைப் பாருங்கள், இது விவசாயம் இல்லையா என்று முழங்கையை நீட்டிக் காட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது களை எடுக்கறது மேடம். களை எடுத்தா பெளெ இருக்கணும் இல்ல? பயிரு எங்க?" என்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

பிறகு ரெவென்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்க வந்தார். நாற்பது வயதுக்காரர், அதட்டல் இல்லாதவர். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நிலம் முழுக்க எங்களோடு சுற்றி வந்தார். நாவல் மரத்தடியில் நின்று, கீழே கிடந்த பழத்தைப் பொறுக்கித் துடைத்துத் தின்றார். நிழலில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சென்னாகிதே சார், எங்க ஆபீசவிட இங்க நல்லா இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்போதுதான் மரங்களுக்கு இடையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

"சாலு இல்லையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கையை நேராக நீட்டிக் காட்டினார். "வரிசை மேடம். இதே மரம் வரிசையா நின்னுச்சுன்னா தோட்டம்னு எழுதிட்டுப் போயிடுவேன். யாரும் கேக்க மாட்டாங்க. வரிசையே இல்லாட்டி நான் என்னன்னு எழுதறது? காடுன்னுதான் எழுதணும். காட்டுக்குள்ள வீடு கட்ட ரூல்ஸ்ல எடமில்ல."

நிலத்தை வீட்டு நிலமாக மாற்றித் தர முடியாதா என்று என் கணவர் கேட்டார். வனத்தை ஒட்டி இருப்பதால் அதுவும் ஆகாது என்று இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரர்போலப் பேசினார். "ஒரு தாரி இருக்கு, ஒரே வழி. மழைக்கு முன்னாடி ஜேசிபி வெச்சு சுத்தம் பண்ணிடுங்க. ராகி போடுங்க, இல்ல மாங்கன்னு வரிசையா நடுங்க. முக்கால்வாசி நிலமாவது ஆகணும். நான் வந்து போட்டோ எடுத்துக்கறேன். வீடு உங்களுக்கு நிக்கும்."

ஆக, கணக்கு இதுதான். மரத்தை அழித்தால் வீடு இருக்கும். மரம் இருந்தால் வீடு போகும்.

இன்ஸ்பெக்டரின் பைக் சத்தம் மண் பாதையில் தேய்ந்த பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "மரம் என்னோட கிறுக்கு. வீடு உன்னோட ஆச. ஜேசிபிக்குச் சொல்லிடறேன்."

"நெஜமாவா?"

"எனக்கென்ன, எங்க இருந்தாலும் தூக்கம் வரும்" என்று சிரித்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். ஏழு வாடகை வீட்டுக்குப் பிறகு எட்டாவதாக ஒரு மாடிக்கு ஏறிப்போய் அனுமதி கேட்டு ஆணி அடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மரம் மறுபடி வரும், வந்தால்தான் என்ன வராவிட்டால்தான் என்ன, மாமரமும் மரம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஜேசிபி வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த நாட்களில் அவர் எப்போதும்போலத்தான் இருந்தார். பேட்டரி பார்த்தார், தொட்டி கழுவினார், மிக்சிக்குச் சண்டை போட்டார். வண்டி வருவதற்கு முந்தின நாள் காலையில் நான் கழுவிய துணியைக் காயப் போட வெளியே வந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாவல் மரத்துக்குப் பின்னால் அவர் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு புங்கங்கன்றைச் சுற்றிக்கொண்டு உண்ணிச்செடி ஒன்று ஏறியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, கன்றுக்கு அடிபடாமல், வேரை மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தான் எல்லாத்தையும் தள்ளப்போறோமே. இத எதுக்கு இப்பப் புடுங்கறீங்க?"

அவர் நிமிரவில்லை. "கண்ணுல பட்டுச்சு" என்றார்.

வேர் வந்தது. மண்ணைத் தட்டி ஓரமாகப் போட்டார். அந்தப் புங்கங்கன்றின் அடியில் மண்ணைக் காலால் அணைத்துவிட்டார். அப்புறம் அடுத்த புதரைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஈரத்துணியோடு அங்கேயே நின்றேன். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. நாலு சொட்டு அழுதிருந்தாலோ, உன்னால்தான் என்று கத்தியிருந்தாலோ நான் என் வீட்டோடு இருந்திருப்பேன். இப்படி ஒரு மனிதர் கண் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் நான் எப்படிச் சோறு பொங்குவது?

மறுநாள் காலை ஏழரைக்கு வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் தர்மபுரிக்காரர், எங்களைவிடப் பத்து வயது இளையவர். இறங்கி வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, மரங்களை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா அடர்த்தியாத்தான் இருக்குதுங்க. எங்கேருந்துண்ணா ஆரம்பிக்கட்டும்?"

என் கணவர் கையைத் தூக்கினார். எந்தப் பக்கம் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கை தூக்கியபடியே நின்றது. அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, அந்தக் கையை மட்டும் பார்த்தேன்.

"வீட்ல இருந்து ஆரம்பிங்க" என்றேன்.

ஓட்டுநருக்குப் புரியவில்லை. "வீட்டுப் பக்கத்துல இருந்தா அக்கா?"

"வீட்டைத்தான். ஓடு நல்ல ஓடு, மொதல்ல அதப் பிரிச்சுக்கறோம். ஒரு மணி நேரம் குடுங்க."

"ஏய், என்ன பேசற நீ?" என்று என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"ஏர் படாத நெலம்னு எழுதினது நான். என் எழுத்துப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் ஏணியை எடுக்கப் போனேன்.

மூன்று பேருமாகச் சேர்ந்து ஓட்டைப் பிரித்து அடுக்கினோம். தகடு இரண்டையும் அவர் தானே கழற்றினார், யாரையும் தொட விடவில்லை. பாத்திரத்தையும் துணியையும் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு வண்டி நெருங்கியது. இரண்டே தள்ளு. மண் சுவர் என்பதால் பெரிய சத்தம்கூட வரவில்லை. தூசி அடங்கியபோது நாவல் மரத்திலிருந்து நேரே அகழி வரைக்கும் தெரிந்தது. நடுவில் எங்கள் வீடு இல்லை. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன்.

நிலம் இன்னும் எங்களுடையதுதான். போகலாம், சுற்றலாம், பழம் பொறுக்கலாம். கூரை என்று ஒன்று மட்டும் போடக்கூடாது, கொட்டகைகூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தாபுராவிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புகிறோம். கட்டுச்சோறு, தண்ணீர் பாட்டில், உட்காரப் பிளாஸ்டிக் விரிப்பு. சொந்த நிலத்துக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் பெங்களூரிலேயே நாங்கள் மட்டும்தான் என்று சொல்லி அவரைக் கிண்டல் செய்கிறேன். உண்ணிச்செடி பிடுங்குகிறோம். யானை நடமாட்டம் இருப்பதால் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். வெளிச்சம் மங்கி, வேலையெல்லாம் ஓய்ந்து, சும்மா உட்கார வேண்டிய நேரத்தில் நாங்கள் சந்தாபுரா நெரிசலில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்போம். அவர் முதுகைப் பார்த்தபடி பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, வீடு இருந்த இடத்துக்குப் போனேன். வழக்கமாக அந்தப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு போய்விடுவேன். மண் எல்லாம் மழையில் கரைந்து மட்டமாகியிருந்தது. தரைக்குப் போட்ட கல் அங்கங்கே தெரிந்தது. கல் இடுக்கில் ஆவாரையும் புல்லும் முளைத்திருந்தன. சமையல் மூலையில் ஒரு வெப்பாலை என் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் போய் நின்றேன். வலது பக்கம் அடுப்பு, இடது பக்கம் தண்ணீர்க் குடம், நிமிர்ந்தால் ஜன்னல். ஜன்னலில் தெரிந்த அதே மரம் இப்போதும் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் உயரமாக.

வேலி ஓரத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "மணி அஞ்சாகுது. வீட்டுக்குப் போலாமா?"

"வீட்லதான் நிக்கறேன். ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.

காய்ந்த இலையில் அவருடைய காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் குறுக்கே நடந்து உள்ளே வரவில்லை. வாசல் இருந்த இடத்துக்குச் சுற்றிப்போய், அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, வந்தார்.